மறுமொழி: கேணி தூர்வாரல் நிதி, மூன்றாம் அறிவித்தல்

அனுப்புபவர்: ராசன், ஸ்காபுறோ

ஊரவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்ச் சங்கப் பொருளாளர் அண்ணையின் மூன்றாம் அறிவித்தல் வந்தபோது நான் சிங்கப்பூரில் இருந்தேன். ஊர்க் கோயிலடிக் கேணியைத் தூர்வாரக் குடும்பத்துக்கு 300 கனேடிய டொலர், தைப்பொங்கலுக்கு முன்னர் கட்ட வேண்டுமாம். "காசு கட்ட வழியில்லை, நாடு நாடாகச் சுற்ற மட்டும் வழியிருக்கிறது" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதியதாகவும் அறிந்தேன். யாரென்று தெரியும். சுற்றியதையும் எழுதுகிறேன், ஊரில் கண்டதையும் எழுதுகிறேன். கட்டுவதா இல்லையா என்பதை அதன் பிறகு பேசலாம்.

நத்தார் விடுமுறையில் சிங்கப்பூரில் சந்திப்பதென்று லண்டன் சிவம், மெல்பேர்ண் தயா, அங்கேயே இருக்கும் தபால்கந்தோர் வீட்டுக் குட்டி, நான் என்று நால்வரும் சித்திரையிலேயே பேசி வைத்திருந்தோம். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் ஒரே சைக்கிளை மாறி மாறித் தள்ளியவர்கள் நாங்கள். இப்போது நால்வரிடமும் நான்கு நாட்டுக் கடவுச்சீட்டு. ஸ்காபுறோவில் வாசல் பனியை வழித்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் கட்டோங்கில் வியர்த்துக்கொண்டு நடப்பது தனிச் சுகம். அதை மறைக்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை மதியப் பூசைக்குச் சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலுக்குப் போனோம். இலங்கைத் தமிழர் வளர்த்த கோயில். சாப்பாடும் அங்கேயே. பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். "கேணி இருக்கிற ஊரா?" என்றார். பிறந்தது சிங்கப்பூரில், யாழ்ப்பாணத்தைக் கண்ணால் பார்த்ததேயில்லை. ஆனால் தகப்பன் சொன்ன கேணி அவருக்குத் தெரிந்திருக்கிறது. சிவம் இரண்டாம் முறை சோறு வாங்க மறந்து போனான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பஸ்ஸில் கோலாலம்பூர். ஜொகூர் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் பாடசாலை விடுமுறை. குடிவரவு வரிசையில் தயா நின்றபடியே ஒரு நித்திரை கொண்டுவிட்டான். பிரிக்பீல்ட்ஸில் மலாயன் வீட்டுப் பெரியம்மாவைப் பார்க்கத்தான் அந்தப் பயணமே. நம்மவர் குடியிருந்த ரயில்வேக் குவார்ட்டர்ஸ் இடிபட்டு மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. 1904 இல் எழுந்த விவேகானந்த ஆச்சிரமம் இன்னும் நிற்கிறது. பெரியம்மாவும் நிற்கிறார், தொண்ணூறு தாண்டி, ஊன்றுகோல் இல்லாமல்.

அவர் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து திறந்தார். தகப்பனார் ரயில்வேயில் கிளாக்கராக இருந்தபோது ஊருக்கு அனுப்பிய மணியோடர்களின் அடிக்கட்டைகள். ஒவ்வொன்றின் பின்னும் பென்சிலில் "வீட்டுக்கு", "தங்கச்சி சீதனம்", "கேணிப் படி". கடைசிக் "கேணிப் படி" 1941 நவம்பர். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதோடு மலாயாக் காசும் நின்றது. நம் கேணியின் வடக்குப் படி பாதியில் நிற்பதற்குக் கோயில் வழக்கே காரணம் என்று நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். பெரியம்மா சிரித்தார். "வழக்காடுவதற்கும் காசு வேண்டும் தம்பி. காசு நின்றது, மேசன் வேறு வேலைக்குப் போய்விட்டான்."

புறப்படும்போது ஓர் உறையில் 500 ரிங்கிட் தந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சங்கத்திடம் கொடுக்காதே, கேணிக்குக் கொடு."

இனி ஊர். வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ், விடியும்போது ஆனையிறவு தாண்டியாயிற்று. வீட்டில் பையை வைத்துவிட்டு நேரே கேணிக்குப் போனேன். தெற்குப் பக்க முருகைக்கல் சுவர் சரிந்து தண்ணீருக்குள் கிடக்கிறது. மேற்கு மூலை முழுவதும் சம்புப் புல் மண்டியிருக்கிறது. தண்ணீர் நிறைய இருக்கிறது. அது மழையின் உபயம், சங்கத்தின் உபயம் அன்று. ஆனால் சந்தியில் வரவேற்பு வளைவுக்கு இரண்டு தூண்கள் எழும்பிவிட்டன. உபயகாரர் பெயர் பொறிக்கக் கருங்கல் பலகையும் வந்து சாக்கால் மூடிக் கிடக்கிறது. சாக்கை விலக்கிப் பெயர்களைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த பெயர்கள்தான்.

ஆறில்லாத நாடு நமது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர்தான் நம் கிணறு. கேணி தூர்ந்தால் சுற்றுவட்டக் கிணறுகள் பங்குனியிலேயே இறங்கிவிடும். வளைவு கட்டாவிட்டால் எந்தக் கிணறு இறங்கும்?

இன்னொன்று. "தூர்வாரிய பின்" என்று இரண்டாம் அறிவித்தலோடு வந்த படத்தில், கேணிக் கரையில் மருதமரம் நிற்கிறது. அந்த மரம் 2020 டிசெம்பரில் புரெவிப் புயலோடு விழுந்துவிட்டது. அடிக்கட்டையில் உட்கார்ந்துதான் நான் செருப்பைக் கழற்றினேன்.

ராசன்

—

அனுப்புபவர்: சபா, ஒஸ்லோ

மருதமரம் பற்றி எனக்குக் கருத்து இல்லை. படங்கள் கணக்காகா. பற்றுச்சீட்டுகளுக்கு வருவோம்.

இரண்டாம் அறிவித்தலோடு இணைத்த பில்லின் திகதி நவம்பர் 18. நீர் இறைக்கும் இயந்திர வாடகை, ஜேசிபி வாடகை, உழவு இயந்திரத்தில் 46 லோட் சேறு ஏற்றியது. யாழ்ப்பாணத்தில் வருட மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் கொட்டுகிறது. கார்த்திகையில் கேணி இறைத்தவர் யார்? இறைத்த தண்ணீர் எங்கே போனது? நம் தகப்பன்மார் தூர்வாரியது ஆடி, ஆவணியில், கேணி அடிகாட்டும்போது. சேறு வெட்டும்போது மழை வந்தால் சேறும் திரும்பி வரும், கூலியும் இரட்டிக்கும். இதற்குக் கணக்கியல் படிக்கத் தேவையில்லை.

அடுத்தது, 46 லோட் எங்கே கொட்டப்பட்டது? கேணிச் சேறு தோட்டத்துக்கு நல்ல பசளை. ஊரில் லோட் கணக்கில் வாங்குவார்கள். விற்றிருந்தால் வரவு. வரவுப் பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. இனாமாகக் கொடுத்திருந்தால் யாருடைய தோட்டத்துக்கு என்று எழுதுங்கள். ஊகம் எனக்கும் இருக்கிறது.

வளைவுக்கு நிதி கேட்டு ஒரு கடிதமும் வந்ததில்லை. அப்படியானால் தூண் எந்தக் காசில் எழுந்தது?

தம்பி ராசனுக்கும் ஒன்று. பெரியம்மா தந்த 500 ரிங்கிட்டுக்கு நீங்கள் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தீர்களா? ஊரில் மாற்றினீர்களா, வெள்ளவத்தையிலா, என்ன விலைக்கு? இந்த மடலில் அது இல்லை. பிறரிடம் கணக்குக் கேட்கிறவர் தன் கணக்கை முதல் வைக்க வேண்டும்.

சபா

—

அனுப்புபவர்: சின்னமாமா, சிட்னி

மருமகன் ராசனுக்கு,

உம்முடைய விடுமுறைக் கட்டுரை வாசித்தேன். சிங்கப்பூரில் சோறு, கோலாலம்பூரில் தேத்தண்ணீர், ஊரில் குறை.

வளைவைப் பற்றி எழுதியிருக்கிறீர். பக்கத்து ஊர்க்காரர் சந்தியில் வைத்த வளைவைப் பார்த்தீரா? மேலே இரண்டு யானை, நடுவில் கலசம், இரவில் விளக்கு. பஸ்ஸில் வருகிறவர்கள் நம் சந்தியையும் அவர்களுடையதென்று எண்ணி இறங்குகிறார்கள். 1970களில் மாகாணப் போட்டிக்குப் பந்தடிக்க ஆள் அனுப்பிய ஊர் நம்முடையது. அந்த ஊருக்கு ஒரு வாசல் வேண்டாமா? கேணியைக் கரைக்கு வந்தால்தான் காணலாம். வளைவை வீதியால் போகிறவன் எல்லாம் காண்பான். என் பெயர் பலகையில் இருக்கிறது, உண்மைதான். என் காசு இருக்கிறது, பெயரும் இருக்கிறது. சாக்கை விலக்கிப் பார்க்க உமக்கு யார் அனுமதி தந்தது?

சபாவுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2016 தேரின்போது ஒலிபெருக்கிக் கணக்கு என்ன ஆனதென்று அவர் முதலில் சொல்லட்டும்.

இன்னும் ஒன்று, எழுதக் கூடாதென்றுதான் இருந்தேன். ஊரில் நின்ற நாட்களில் அக்கா வீட்டில் ஒடியல் கூழ் குடித்தீர். அந்த அக்காவின் மகன்தான் கேணி வேலைக்கு ஒப்பந்தம் எடுத்தவன் என்று உமக்குத் தெரியும். கூழைக் குடித்துவிட்டு, வந்து இப்படி எழுதுவது எங்கள் பக்கத்துப் பழக்கம் அன்று. உம்முடைய தகப்பனார் கொழும்பில் 83 ஆடிக் கலவரத்தில் யார் வீட்டில் ஒளித்திருந்தார் என்பதையும் ஒருமுறை கேட்டு அறியவும்.

சின்னமாமா

—

அனுப்புபவர்: குட்டி, சிங்கப்பூர்

சின்னமாமாவுக்கு வணக்கம். ராசன் தனியாக எழுதவில்லை. கேணிக் கரையில் நானும் சிவமும் கூட நின்றோம். கூழ் நானும்தான் குடித்தேன். நல்ல கூழ். அக்காவுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். நண்டு கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம்.

சண்டைக்குள் யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். நாங்கள் நின்றபோது திருவெம்பாவைக் காலம். விடிய நான்கு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்பினேன். முன்பெல்லாம் இருபது பேராவது இருப்போம்; வீதி வீதியாகப் போய்க் கடைசியில் கேணியில் கால் கழுவிக் கோயிலுக்குள் நுழைவோம். இம்முறை படலையைத் திறந்து பார்த்தால் ஐந்து பையன்கள். சங்கு ஊதியவன் சாரத்துக்கு மேல் லண்டன் காற்பந்துக் கழகத்தின் சட்டை. சிவம் ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டான்; பாட்டு முழுவதும் நினைவிருக்கிறது அவனுக்கு, இடையில் மூச்சுத்தான் இல்லை. பையன்கள் கேணிக்கு வரவில்லை. சுவர் சரிந்த பிறகு இறங்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்களாம். கோயில் குழாயில் கால் கழுவினார்கள்.

தயா ஊருக்கு வரவில்லை. கட்டுநாயக்காவிலிருந்தே மெல்பேர்ணுக்குத் திரும்பிவிட்டான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவனுடைய தமையனை அறிந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த டிசெம்பர் பினாங்கில் சந்திப்பதாக இருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் எழுதுங்கள், சின்னமாமா உட்பட.

என் 300 டொலரைக் கட்டத் தயார். ஆனால் ஆவணியில், கேணி அடிகாட்டும்போது, வேலை தொடங்கும் காலை.

குட்டி

—

அனுப்புபவர்: பொருளாளர்

அனைவரும் அறியத் தருவது.

1. நவம்பர் பில் முற்பணத்துக்கானது. ஒப்பந்தகாரர் முழு வேலைக்கும் எழுதிவிட்டார். திருத்திய பில் கேட்டிருக்கிறேன். வேலை ஆவணியில் நடக்கும்.

2. படம் பழைய படம். "தூர்வாரிய பின்" என்று எழுதியவர் யாரென்று விசாரித்து வருகிறேன்.

3. வளைவுத் தூணுக்குக் கேணி நிதியிலிருந்து கடனாக எடுக்கப்பட்டது. செயற்குழுவில் மூவர் சம்மதித்தனர். திருப்பித் தருவதாகச் சிட்னி ஏற்றுக்கொண்டிருக்கிறது. தொலைபேசியில்.

4. தம்பி ராசன் 500 ரிங்கிட்டைச் சங்க வங்கிக் கணக்கில் இடலாம். விருப்பமில்லையெனில் கோயில் உண்டியலில் இடலாம். கேணிக்கென்று தனி வங்கிக் கணக்கு கிடையாது.

5. ஸ்காபுறோக் கிளையில் 2019 சந்தா நிலுவை வைத்திருப்போர் பட்டியலை அடுத்த மடலில் அனுப்புவேன். தம்பி ராசன் அதைக் கவனமாக வாசிக்கவும்.

6. கேணியின் வடக்குக் கரையில் மலாயன் வீட்டு வேலி ஆறடி உள்ளே வந்திருப்பதாகக் கிராம அலுவலர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். படி ஏன் பாதியில் நின்றது என்று தகரம் திறந்து காட்டிய பெரியம்மாவிடம், காணி உறுதியும் அதே தகரத்தில் இருக்கிறதா என்று கேட்டு எழுதவும்.

பொருளாளர்