கால்வாய் 'லாக்'கிற்குப் 'படகுப்படி' பொருந்துமா?

வணக்கம்.

கால்வாயில் மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்க, இரு முனையிலும் கதவு வைத்துக் கட்டிய தொட்டிதான் 'லாக்' (lock). அதற்குத் தமிழில் இதுவரை 'நீர்ப்பூட்டு', 'மதகு' என்ற இரண்டு சொற்கள் முன்வந்திருக்கின்றன. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அமெரிக்காவில் வெர்ஜீனியாவின் கிரேட் ஃபால்ஸ் பூங்காவில் பழைய கால்வாயின் மிச்சங்களைப் பார்த்த பிறகு இந்த எண்ணம் இன்னும் உறுதியாகிவிட்டது.

பொடோமாக் ஆறு அங்கே பாறைகளுக்கு நடுவே 75 அடிக்கு மேல் விழுந்து இறங்குகிறது. எந்தச் சரக்குப் படகும் அதில் தப்பாது. அருவியைச் சுற்றிக்கொண்டு போகத்தான் இந்தக் கால்வாய். இதை வெட்ட 1785இல் தொடங்கிய கம்பெனிக்கு முதல் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். 1802இல் வேலை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. மாவு, விஸ்கி, இரும்பு எல்லாம் இதன் வழியே ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்குப் போயின. 1828இல் கம்பெனியே மூடப்பட்டுவிட்டது.

ஐந்து லாக்குகளில் முதலாவதன் சுவர்கள் செந்நிற மணற்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் கல்தச்சர்கள் தங்கள் அடையாளமாகக் கொத்திய சிறு குறிகள் இன்னும் தெரிகின்றன. கடைசி இரண்டும் வெடிமருந்து வைத்துப் பாறையைப் பிளந்து செய்தவை. கூலியாட்களோடு அடிமைகளும் அங்கே உழைத்தார்கள். அந்த இடுக்கைப் பார்க்கும்போது தலைவரின் பெயரைவிட அவர்கள்தான் மனதில் நிற்கிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். படகு தொட்டிக்குள் வந்ததும் மேல்கதவை மூடுவார்கள். கீழ்கதவில் உள்ள சிறு திறப்பு வழியாகத் தண்ணீரை வெளியே விட்டால் படகும் கூடவே இறங்கும். மட்டம் சமமானதும் கதவைத் திறந்தால் படகு வெளியே போய்விடும். ஏற்றுவதற்கு இதையே திருப்பிச் செய்ய வேண்டும். இதில் பூட்டு எங்கே இருக்கிறது? 'மதகு' அந்தச் சிறு திறப்புக்கே பொருத்தமான சொல். அதை மொத்த அமைப்புக்கும் கொடுத்துவிட்டால் திறப்பை என்னவென்று சொல்வது?

படகை ஒரு படி ஏற்றுவதும் இறக்குவதும்தான் இதன் வேலை. ஆகவே 'படகுப்படி' என்கிறேன். ஐந்தும் அடுத்தடுத்து வந்தால் 'படகுப்படித் தொடர்'. முதலில் 'நீர்ப்படி' என்றுதான் யோசித்தேன். அது 'நீர்ப்படிவு' என்பதோடு குழம்பும். படித்துறையோடு குழம்பாதா என்று கேட்கலாம். துறை மனிதர் இறங்க, இது படகு இறங்க, முன்சொல்லே வேறுபடுத்திவிடும். கப்பல்கள் போகும் பனாமா கால்வாய் போன்ற இடங்களுக்குக் 'கப்பற்படி' என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் பொதுவாகக் 'கலப்படி' என்றால் கலப்படம் போலக் காதில் விழுகிறது, வேண்டாம்.

அப்புறம் ஒன்று பாக்கி. பல லாக்குகளில் இரட்டைக் கதவுகள் நேர்கோட்டில் மூடாமல், மேல்மட்டத் தண்ணீரைப் பார்த்துக் கூராகச் சேரும். தண்ணீரின் அழுத்தமே அவற்றை இறுக்கிப் பிடிக்கும். இதற்குக் 'கூர்சேர் கதவு' என்று எழுதிவைத்திருக்கிறேன், ஆனால் திருப்தியில்லை. மரவேலையில் இப்படிச் சாய்வாக வெட்டிப் பொருத்தும் மூட்டுக்குத் தச்சர்களிடம் வழக்குச்சொல் இருந்தால் தெரிந்தவர்கள் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.