வலென்சியாவில் உள்ளூர்க் கடை, கண்காட்சி, தெரு விழா எல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது?

பர்கூர்_ஜவுளிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு பர்கூர், ஜவுளிக் கடைக் குடும்பம். வீட்டுக்காரர் வேலை கிடைத்து ஸ்பெயினில் வலென்சியாவுக்குப் போய்விட்டார், விசா வந்ததும் நானும் கிளம்ப வேண்டியதுதான். அந்த ஊரைப் பற்றி எங்கே தேடினாலும் அதே நாலு இடம்தான் வருகிறது. அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடங்கள், மீன் காட்சியகம், கடற்கரை, பாயேயா என்கிற அரிசிச் சாப்பாட்டுக்கு ஓட்டல். ரெண்டு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அது போதும், நான் வருஷக்கணக்கில் இருக்கப் போகிறேன்.

நம் பக்கம் இதையெல்லாம் யாரும் தேடித் தெரிந்துகொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் போச்சம்பள்ளி சந்தை, மாம்பழ சீசன் வந்தால் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி, ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல். பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருப்பதால் தெரிகிறது. அங்கே எனக்கு யார் சொல்வார்கள்? சொந்தமாக நடத்துகிற சின்னக் கடைகள் எந்தத் தெருவில், கண்காட்சிகளுக்கு டிக்கெட் எவ்வளவு ஆகும், அக்கம்பக்கத்து விழாவுக்கு வெளியூர்க்காரி போய் நின்றால் சேர்த்துக்கொள்வார்களா? எனக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. அவர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார், நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடக்க என்னால் ஆகாது. இருந்தவர்கள், இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம்_அக்கா:

தங்கச்சி, நான் இங்கே ருசாஃபா என்கிற பேட்டை பக்கம் குடியிருக்கிறேன். முதலில் இந்த ஊர் நேரக் கணக்கைப் பிடித்துக்கொள், மீதி தன்னால் வரும். சின்னக் கடைகள் காலை பத்து மணி வாக்கில் திறந்து மதியம் இரண்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள், திரும்ப ஐந்து மணிக்குத்தான், பிறகு எட்டு எட்டரை வரை இருக்கும். ஞாயிறு பெரும்பாலும் மூடல். மூன்று மணிக்குக் கிளம்பிப் போனால் தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருக்கும், அதைப் பார்த்து இந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டி வீட்டோடு இருந்துவிடுகிற நம் ஆட்கள் நிறையப் பேர்.

வந்ததும் மெர்காடோ சென்ட்ராலுக்குப் போ. 1928இல் திறந்த பெரிய சந்தைக் கட்டடம், திங்கள் முதல் சனி வரை, காலை ஏழரையிலிருந்து மதியம் மூன்று வரை. சுற்றிப் பார்க்க ஒரு தடவை போவதில் பிரயோஜனம் இல்லை, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே காய்கறிக்காரம்மாவிடம் போ. அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆளாளுக்கு நின்றுகொண்டிருப்பார்கள். போனதும் பொதுவாகப் பார்த்து, கடைசியாக வந்தது யார் என்று கேட்க வேண்டும்: ‘கியென் எஸ் எல் உல்திமோ?’ ஒருவர் கையைத் தூக்குவார், அவருக்கு அடுத்து நீ. கேட்காமல் நேரே போய் எடுத்தால் முகம் சுளிப்பார்கள், கேட்டுவிட்டால் பக்கத்தில் நிற்பவரே எந்தத் தக்காளி நல்லது என்று ஆரம்பித்துவிடுவார். பாயேயாவில் போடுகிற கர்ரோஃபோ என்கிற பெரிய தட்டை அவரைக் கொட்டையும் இங்கே கிடைக்கும், வாங்கிக் குழம்பு வைத்துப் பார், அவ்வளவு ருசி.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் பிளாசா ரெதோந்தா, வட்டமான சின்னச் சதுக்கம். சுற்றிலும் நூல், பட்டன், லேஸ் விற்கிற கடைகள். ஜவுளிக்காரிக்கு அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்காட்சிக்குக் காசைப் பற்றிக் கவலைப்படாதே. நுண்கலை அருங்காட்சியகம் எப்போதும் இலவசம், வெலாஸ்கெஸ் என்ற பழைய ஸ்பானிய ஓவியர் தன்னையே வரைந்த ஓவியம் அங்கேதான் இருக்கிறது. பழைய மடத்துக்குள் இருக்கிற சென்ட்ரே தெல் கார்மே, பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான லா நாவ், இரண்டிலும் இலவசமாகவே கண்காட்சி வைக்கிறார்கள், மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நவீன ஓவியத்துக்கு இவாம், பீங்கானுக்கு ஒரு தேசிய அருங்காட்சியகம், இந்த இரண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கிடையாது. என்ன எங்கே நடக்கிறது என்று பார்க்க ‘கார்த்தெலேரா துரியா’ என்று ஒரு வாரப் பத்திரிகை, 1964இலிருந்து வருகிறது. அப்புறம் ஓஸ்பித்தால் தெருவில் பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் பொது நூலகம் இருக்கிறது, போகும்போதெல்லாம் அங்கே ஒட்டியிருக்கிற நோட்டீஸ்களைப் போனில் படம் பிடித்துத் தமிழாக்கிப் படி. இலவச வகுப்பு, கதை சொல்லல், பேட்டை நடைப்பயணம் இப்படிப்பட்டவை முக்கால்வாசி அந்தமாதிரிச் சுவர்களில்தான் கண்ணில் படும், கூகுளில் வராது.

எங்கள் பேட்டையில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ருசாஃபார்ட் நடக்கும். ஓவியர்கள், கைவினைக்காரர்கள் தங்கள் பட்டறைக் கதவையே திறந்துவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வேலை செய்கிற மேசை பக்கத்திலேயே நின்று பேசலாம். எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

பாலக்கோடு_பட்டுக்கூடு:

பர்கூர் அக்காவுக்கு, நான் வலென்சியாவில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். எங்கள் வீட்டில் இன்றும் பட்டுப்புழு வளர்ப்பு, கூடு தர்மபுரி அங்காடிக்குத்தான் போகிறது. அதனால் எனக்கு அந்த ஊர் வேறு மாதிரி தெரிந்தது. சென்ட்ரல் மார்க்கெட்டுக்கு எதிரிலேயே லா லோன்ஹா, பட்டு வியாபாரம் நடந்த மண்டபம், 1482இல் கட்டத் தொடங்கினார்கள், 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே தூண்கள் முறுக்கு நூல் போலத் திரிந்து மேலே போகும். அதற்குப் பின்பக்கம் வெல்யுதெர்ஸ் என்ற பேட்டை முழுக்க ஒரு காலத்தில் பட்டு நெசவாளர்கள் குடியிருந்தது. நெசவாளர் சங்கத்தின் பழைய மாளிகை இப்போது பட்டு அருங்காட்சியகம், தறியும் இருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிடாதீர்கள். மார்ச் மாத ஃபாயாஸ் திருவிழாவுக்குப் பெண்கள் உடுத்துகிற பாவாடைத் துணி இன்னமும் பட்டில் நெய்கிறார்கள். அதில் உசத்தி எஸ்போலின். கைத்தறியில், இழை ஓட்டுகிற குட்டி நாடாக்களை வைத்துப் பூவுக்குப் பூ நிறம் மாற்றி நெய்வது, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு முழம் தேறாது. அந்தத் துணி விற்கிற கடைகள் மார்க்கெட்டைச் சுற்றி இருக்கின்றன. உள்ளே போய், எங்கள் வீட்டிலும் ஜவுளிக் கடை என்று போனில் டைப் பண்ணிக் காட்டுங்கள், துணியின் பின்பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். வண்ண இழை குறுக்கே ஓடாமல் பூ இருக்கிற இடத்தில் மட்டும் நிற்கும், நம் கைத்தறிப் பட்டில் புட்டா போடுகிற அதே கணக்கு. நான் அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்கார அம்மா கேட்காமலேயே இன்னும் நாலு துணியை எடுத்து விரித்துவிட்டார். தொழில் தெரிந்தவரிடம் அவர்களுக்கு அவ்வளவு மரியாதை.

பர்கூர்_ஜவுளிக்காரி:

தம்பி, இதைப் படித்ததிலிருந்து எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. அக்கா, நேரக் கணக்கு சொன்னதற்கு ரொம்ப நன்றி. அந்தத் திருவிழாவைப் பற்றி இன்னும் யாராவது சொல்லுங்களேன். வேடிக்கை பார்க்க மட்டும்தான் முடியுமா, தெருக்காரர்களோடு சேர்ந்துகொள்ள வழி உண்டா?

பாரூர்_ஏரிக்கரை:

சேரலாம் தங்கச்சி, தாராளமாக. மார்ச் 1இலிருந்து 19 வரை தினம் மதியம் இரண்டு மணிக்கு நகராட்சி மன்றச் சதுக்கத்தில் மஸ்க்லெதா என்று வெடி வெடிப்பார்கள், அது எல்லோரும் பார்ப்பது. உண்மையான திருவிழா தெருவில்தான். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு ஃபாயா குழு, அதற்கு ஒரு மன்றம், பெயர் காசால். வருஷம் பூராவும் காசு சேர்த்துப் பெரிய பொம்மை செய்வித்து, நாற்சந்தியில் நிறுத்தி, 19ஆம் தேதி இரவு எரித்துவிடுவார்கள். அந்த வாரம் தெருவிலேயே பந்தல் போட்டு விறகடுப்பில் பாயேயா வேகும். சந்தா கட்டினால் யாரும் உறுப்பினர் ஆகலாம், எந்த ஊர் என்று பார்ப்பதில்லை. எரித்து முடித்த மறுநாளே அடுத்த வருஷக் கணக்கு தொடங்கிவிடும், அந்தச் சமயத்தில் உங்கள் தெரு காசாலில் போய்க் கேளுங்கள்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு கதீட்ரல் வாசலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். தண்ணீர் நீதிமன்றம் கூடும். எட்டு வாய்க்கால்களுக்கு எட்டுப் பிரதிநிதிகள், எல்லோரும் விவசாயிகள், கறுப்பு அங்கி போட்டு வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு வாய்க்கால் பெயராகக் கூப்பிட்டு வழக்கு உண்டா என்று கேட்பார்கள். வாதம், தீர்ப்பு எல்லாம் வாய்மொழிதான். பல வாரம் வழக்கே இருக்காது, சில நிமிஷத்தில் எழுந்துவிடுவார்கள், ஆனாலும் கூடாமல் இருப்பதில்லை. மடைத் தண்ணிக்கு முறை வைத்துப் பாய்ச்சுகிற ஏரிப் பாசனக்காரனாக அங்கே நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னொன்று. 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் பாய்போர்த்தா, கத்தரோஹா மாதிரி தெற்குப் பக்கத்து ஊர்களில் கடைகள் முழுக்க சேற்றில் போயின. நகரத்து ஜனங்கள் துடைப்பமும் மண்வாரியும் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் நடந்தே போய் அள்ளினார்கள். அந்த ஊர்களுக்கும் போங்கள், உங்களுக்கு வேண்டியதை அங்கே உள்ள சின்னக் கடைகளில் வாங்குங்கள்.

காவேரிப்பட்டணம்_அக்கா:

மொழிக்கு ஒரு வழி சொல்ல விட்டுப்போச்சு. வந்ததும் நகராட்சியில் குடியிருப்புப் பதிவு செய்துவிடு, மற்ற எல்லாவற்றுக்கும் அந்தத் தாள் கேட்பார்கள். அரசு நடத்துகிற எஸ்குவேலா ஒஃபிசியால் தெ இதியோமாஸ் என்கிற மொழிப் பள்ளியில் ஸ்பானிஷ் வகுப்பு தனியாரை விட எவ்வளவோ மலிவு, ஆனால் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், சேர்க்கைத் தேதியை இப்போதே உன் வீட்டுக்காரரைப் பார்த்து வைக்கச் சொல். நீ வருகிற தேதி தெரிந்ததும் இங்கேயே எழுது, மெர்காடோவுக்கு முதல் நாள் நான் கூட வருகிறேன்.