மறு: வைரஸ் தடுப்பு மென்பொருளில் 'குவாரண்டைன்': தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. ஆனால் மென்பொருளில் 'குவாரண்டைன்' என்ற பொத்தானை அழுத்தினால் கணினிக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம்.

சோதிக்க நிஜ வைரஸ் வேண்டாம். 'ஐகார்' என்று 68 எழுத்துச் சோதனை வரி ஒன்று இருக்கிறது. தீங்கில்லாதது, வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் வேண்டுமென்றே அதை வைரஸாகப் பாவித்துக் கூச்சல் போடும். நோட்பேடில் ஒட்டிச் சேமித்துப் பாருங்கள். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டர் பிடித்துவிடும், ஆனால் அழிக்காது. புரோகிராம்டேட்டா என்ற விண்டோஸ் கோப்புறைக்குள் தனக்கென்று வைத்திருக்கும் கோப்புறைக்குக் கொண்டுபோய், உள்ளடக்கத்தை மறையாக்கம் செய்து (படிக்க முடியாத வடிவுக்கு மாற்றி), வேறு பெயரில் போட்டுவைக்கும். அங்கே போய்ச் சொடுக்கினாலும் அது ஓடாது. எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்ற குறிப்பும் கூடவே இருக்கும். நாம் கேட்டால் பழைய இடத்திலேயே திருப்பி வைக்கும்.

கோப்பு சாகவில்லை, ஓடவும் முடியாது, ஆனால் திரும்பி வரலாம். இவ்வளவையும் தாங்குகிற சொல்தான் நமக்கு வேண்டும்.

> 'தனிமைப்படுத்து' 2020-லேயே எல்லோருக்கும் பழகிவிட்டதே ஐயா?

பழகியது உண்மை. ஆனால் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை காத்திருக்கிறது. ஒரு கணினியில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல்) நுழைந்துவிட்டால் அந்தக் கணினியையே நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்க வேண்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது பல அலுவலகங்களில் கேபிளைப் பிடுங்கியது இதற்குத்தான். அதற்கு ஆங்கிலத்தில் 'ஐசொலேட்'. குவாரண்டைன் கோப்புக்கு, ஐசொலேட் கணினிக்கு. அலுவலகங்களுக்கான மென்பொருளில் இரண்டும் ஒரே திரையில் வரும். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், கோப்பைப் பிடிக்கப் போனவர் இணைப்பைத் துண்டித்துவிட்டு முழிப்பார். தனிமைப்படுத்து ஐசொலேட்டுக்கே இருக்கட்டும்.

> 'ஒதுக்கு' போடலாம், பொத்தானில் அடங்கும்.

நினைவகத்தையும் வட்டில் இடத்தையும் ஏற்கெனவே 'ஒதுக்கி'க்கொண்டிருக்கிறோம். ஊரைவிட்டு ஒதுக்கிவைக்கிற நினைப்பு வேறு வருகிறது. வேண்டாம்.

> அப்படியானால் 'சிறையிடு'? அல்லது 'தடுப்புக்காவல்'?

சிறை என்பது தீர்ப்புக்குப் பிறகு. பிடிபட்டதெல்லாம் குற்றவாளி இல்லை. 2010 ஏப்ரல் 21 அன்று வைரஸ் தடுப்பு நிறுவனமான மெக்காஃபி வெளியிட்ட 5958-ஆம் எண் புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பி இயங்கத் தேவையான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 3 பதிப்பு இருந்த கணினிகள் நெட்வொர்க் இழந்து, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. அந்தக் கோப்பைத் திருப்பி வைத்த பிறகுதான் எந்திரம் எழுந்தது. அவ்வளவு பெரிதாகப் போக வேண்டாம், மேக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) எழுதிய பழைய எக்செல் கணக்குகூட இப்படி மாட்டும். திரையில் 'சிறை' என்று பார்த்தவர் அடுத்து 'அழி'யைத்தான் அழுத்துவார். ஆண்டுக் கணக்கு அதோடு போச்சு.

தடுப்புக்காவல், பொருளளவில் மிக நெருக்கம். விசாரிக்காமல் பிடித்து வைப்பதுதானே. ஆனால் தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டுக் குண்டர் சட்டம், இலங்கையில் 1979-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இரண்டின் வாசனையும் அதில் அடிக்கிறது. யாழ்ப்பாணத்து அண்ணா 'இது வேண்டாம்' என்று ஒரே வரியில் எழுதியதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

> அடைகாப்பு?

குஞ்சு பொரித்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மதுரை அக்கா சொன்ன 'பட்டியில் அடை'தான். அடுத்தவர் வயலில் மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைப்பார்கள். உரியவர் வந்து தண்டம் கட்டி ஓட்டிப்போகலாம், யாரும் வராவிட்டால் ஏலம். டிஃபெண்டரும் நாள் கணக்கு வைத்துப் பழையவற்றைத் தானே கழித்துவிடும்படி அமைக்கலாம் என்பதால் ஏலம்வரை பொருந்துகிறது! இடிப்பது ஒரே இடத்தில்: மெனுவுக்கும் டூல்பாருக்கும் 'பட்டி'யைப் பலர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். 'பட்டியில் காண்க' என்றால் எந்தப் பட்டி?

எனவே பட்டியை விட்டுவிட்டு வினையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து: அடைத்துவை. எதிர்வினை தானாக வந்துவிடுகிறது: விடுவி. கோப்பைத் திருப்பி வைக்கும் 'ரெஸ்டோர்' பொத்தானுக்கு வழக்கமாகப் போடும் 'மீட்டெடு' இங்கே ஒட்டாது. தொலைந்த கோப்பைத்தான் மீட்க வேண்டும், இது நாம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. 'விடுவி' என்று இருந்தால் அழுத்துகிறவரும் ஒரு கணம் யோசிப்பார்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் தற்காலிகமாக இப்படிப் போட்டிருக்கிறேன்:

"இந்தக் கோப்பில் வைரஸ் இருப்பதாகச் சந்தேகம். அடைத்துவை | அழி | அனுமதி"
"அடைத்துவைத்தவை: 3 கோப்புகள்"
"விடுவித்தால் இந்தக் கோப்பு மறுபடி ஓடக்கூடும். விடுவிக்கலாமா?"

அடைத்துவைத்த கோப்புகள் இருக்கும் கோப்புறைக்குப் பெயர்தான் நிற்கவில்லை. 'அடைப்பு' என்றால் நெஞ்சடைப்பும் அடைப்புக்குறியும் வந்து நிற்கின்றன, 'அடைப்பறை' சுமார்தான். அதற்கு மட்டும் நல்ல பெயர் இருந்தால் அனுப்புங்கள். ஃபால்ஸ் பாசிட்டிவை (நல்ல கோப்பை வைரஸ் என்று தவறாகப் பிடிப்பதை) இதில் இழுக்க வேண்டாம், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.