அம்மா சொல்லச் சொல்ல நான் பின்னிய கொட்டான்

வரும் ஆவணியோடு அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. ஏஎல்எஸ், தசையை அசைக்கிற நரம்புகள் செத்துப்போகிற நோய். இந்தக் குழுவில் மற்றவர்கள் எழுதுவதை இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அம்மாவைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லோரும் கடைசி மூன்று வருடத்தைத்தான் கேட்கிறார்கள். அதற்கு முந்தைய ஐம்பத்தெட்டு வருடத்தை யாரும் கேட்பதில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். அம்மா பனை ஓலையில் கொட்டான், அதாவது சின்னக் கூடை, பின்னுவார். கல்யாணச் சீருக்கு, பிள்ளைக்குப் பேர் வைக்க என்று தேடி வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை எடுத்துவிட்டு, ஒரே அகலத்தில் கிழித்து, கொதிக்கிற சாயத்தில் முக்கி எடுப்பார். அந்த வாசனைதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமையின் வாசனை. மற்றவர்கள் தெரிந்த கட்டத்தையே திரும்பத் திரும்பப் பின்னுவார்கள். அம்மாவுக்கு அது போதாது. ஒருமுறை பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தவர் கட்டியிருந்த கண்டாங்கிச் சேலையின் கரையைப் பார்த்து, டிக்கெட்டின் பின்பக்கத்தில் கட்டம் எண்ணிக் குறித்துக்கொண்டே வந்தார். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. அடுத்த வாரம் அந்தக் கரை ஒரு கொட்டானின் வாயைச் சுற்றி வந்திருந்தது.

நோயும் முதலில் ஓலையில்தான் தெரிந்தது. "ஓலை வழுக்குதுடி" என்றார். ஓலை கொண்டுவருகிறவரிடம் சண்டைகூடப் போட்டார். ஓலையில் ஒரு குறையும் இல்லை. வலது கையில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேடு வற்றிப் பள்ளமாகியிருந்தது, சுண்டுவிரல் பக்கம் மட்டும் பழையபடியே இருந்தது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லி எட்டு மாதம் பட்டை போட்டார்கள். அப்புறம் மதுரையில் ஒரு நரம்பு டாக்டர் அம்மாவின் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். தசையில் ஊசி குத்தி, தசையின் மின்னசைவைப் பார்க்கும் ஈஎம்ஜி சோதனை எடுத்தார்கள். கையில் தொடங்கினால், ஓலை கிழிக்கிற அந்த இரண்டு விரல்களின் தசையைத்தான் இந்த நோய் பெரும்பாலும் முதலில் கரைக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசையை அசைக்கிற நரம்பு செல்கள் செத்துக்கொண்டே போகின்றன. தொடுவது தெரியும், வலி தெரியும், கண் அசையும். புத்தி தெளிவாக இருந்தது, அது அம்மாவுக்குக் கடைசி வரை குறையவில்லை. ரிலுசோல் மாத்திரை சில மாதங்களைக் கூட்டித் தரலாம் என்றார் டாக்டர். 'மெட்ராஸ் வகை' என்று நம் ஊர்ப் பேரிலேயே ஒரு மோட்டார் நியூரான் நோய், அதாவது இதே நரம்பு செல்களைத் தாக்குகிற நோய், இருக்கிறது. சின்ன வயதில் வரும், காதும் மந்தமாகும், ஆனால் மெதுவாக நகரும், பல வருடம் இருப்பார்கள். அதைப் படித்த ராத்திரி முழுக்க அம்மாவுக்கு அதுவாக இருக்கட்டும் என்று வேண்டினேன். அம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு, காது பாம்புச் செவி. அதுவாக இருக்க வழியே இல்லை.

கை போனது, கால் போனது, பேச்சும் போனது. அதையெல்லாம் நீட்டி எழுத மனம் வரவில்லை. எழுத்துப் பலகையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும், யாருக்காவது உதவும். ஆங்கிலத்துக்கு 26 கட்டம் போட்டால் முடிந்தது. நமக்கு 247. மொத்தத்தையும் எழுதி வைத்தால் கண் எங்கே போகிறது என்று பார்க்கவே முடியாது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31 கட்டம் மட்டும் ஓர் அட்டையில் எழுதினேன். நான் விரலை நகர்த்துவேன், சரியான இடத்தில் அம்மா கண்ணை மூடித் திறப்பார். 'வி' வேண்டுமென்றால் முதலில் வ், அடுத்து இ. முதல் நாள் ஒரு வரி சொல்லி முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. "சாயம் வீணாகுது, எடு" என்பதுதான் அந்த வரி.

அப்படித்தான் நான் கொட்டான் பின்னக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் ஒருநாளும் ஓலையைத் தொட்டதில்லை. அம்மா கண்ணால் சொல்லச் சொல்ல நான் பின்னினேன். பச்சைக்கு அடுத்து மஞ்சள் வைத்தால் முறைப்பார்.

மறுமொழி:

படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் அம்மாவுக்குப் பேச்சில் ஆரம்பித்தது. தாலாட்டு, கும்மி எல்லாம் அந்த நேரத்துக்குச் சொந்தமாகக் கட்டிப் பாடுவார், எந்தக் குழந்தைக்கும் ஒரே பாட்டு இரண்டு முறை வராது. நாக்கு குழறியதும் பக்கவாதம் என்றே நினைத்தோம். ஒரு துக்க வீட்டில் நிறுத்த முடியாமல் சிரித்துவிட்டார், நாங்களும் திட்டிவிட்டோம். சிரிப்பும் அழுகையும் கட்டுக்கு மீறி வருவது இந்த நோயிலேயே இருக்கிறது என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தத் திட்டு இன்னும் என்னை அறுக்கிறது. யாருக்காவது இப்போதுதான் தெரிய வந்திருந்தால், இன்றைக்கே அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். என்னிடம் இருப்பது வாட்ஸப்பில் நாற்பது நொடி, அதிலும் பாதி குக்கர் சத்தம்.

அக்கா, நீங்கள் பின்னிய கொட்டான் இருக்கிறதா?

மறுமொழி:

இருக்கிறது தம்பி. பாதிதான். அந்தக் கண்டாங்கிக் கரையைத்தான் பின்னிக்கொண்டிருந்தோம். வாயைச் சுற்றி வரும்போது நான் ஓர் ஓலையை மாற்றிக் கோர்த்துவிட்டேன், யார் கண்ணுக்கும் தெரியாது என்று அப்படியே விட்டேன். அம்மா பலகையைப் பார்த்தார். மூச்சுக்கு அப்போதே மாஸ்க் போட்டிருந்தோம். விரலை நகர்த்தினேன். அ. அப்புறம் வ், இ. அப்புறம் ழ்.

அவிழ்த்தேன். திரும்பப் பின்னி முடிக்க இன்னும் கை வரவில்லை.