கேரி: ரீமேக்கை நாவலோடு ஒப்பிடுவதா, பழைய படத்தோடா?

கேள்வி:
பள்ளிப் பருவத்துத் திகில் படங்களை அவற்றின் மூல நாவலோடு சேர்த்து விமர்சனம் எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதலில் ‘கேரி’: எல்லோரும் கேலி செய்யும், மனதாலேயே பொருட்களை நகர்த்தும் சக்தி கொண்ட ஒரு பள்ளி மாணவியின் கதை. 2013 ரீமேக்கைப் பார்த்தேன், பிடித்திருந்தது. அப்புறம் 1976 படம். இப்போது ஸ்டீபன் கிங்கின் 1974 நாவலில் பாதியில் நிற்கிறேன். நடுநடுவே விசாரணை அறிக்கை, செய்தித் துணுக்கு என்று வந்து, நடக்கப்போவதை முன்பே போட்டு உடைத்துவிடுகிறது. தொடர்ந்து படிக்கலாமா? ரீமேக்கை எதோடு ஒப்பிடுவது நியாயம்?

பதில் 1:
1976 படத்தோடுதான். அதற்கு எழுதிய லாரன்ஸ் கோஹனின் பெயர் 2013 திரைக்கதையிலும் இருக்கிறது. காட்சி வரிசை பெரும்பாலும் அதேதான்.

பதில் 2:
நாவலை விட்டுவிடாதீர்கள். நானும் முதல் தடவை அந்த அறிக்கைகளைத் தாண்டித் தாண்டித்தான் படித்தேன். இரண்டாவது முறைதான் உறைத்தது: ஊரே கேரியைப் பற்றிப் பேசுகிறது, ஆணையம் விசாரிக்கிறது, புத்தகம் போடுகிறார்கள். அவள் உயிரோடு இருந்தபோது யாரும் அவளிடம் உட்கார்ந்து பேசவில்லை. முடிவு முன்பே தெரிந்துவிடுவதால், நடன விழாவுக்கு அவள் தானே உடை தைக்கும் இடத்தைப் படிக்கவே முடியவில்லை எனக்கு.

1976 படத்தின் இயக்குநர் பிரையன் டி பால்மா அதையெல்லாம் எடுத்துவிட்டு வேறு வழியில் அதே தவிப்பைக் கொண்டுவருகிறார். மேடையில் கேரி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மேடைக்கு அடியில் ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்கிறது. அந்தக் கயிறு மேலே போய், உத்திரத்தில் இருக்கும் பன்றி ரத்த வாளியில் முடிகிறது. எல்லாம் மெதுவாக நகர்கிறது. வகுப்புத் தோழி ஸூ ஸ்னெல் கயிற்றைக் கவனித்துத் தடுக்கப் போகிறாள். ஆசிரியையோ அவளைத் தப்பாக நினைத்து வெளியே தள்ளிவிடுகிறார். ஒரே ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் போதும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த வாளி விழக்கூடாது என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ரீமேக்கில் எனக்குக் குறையாகப் பட்டது இங்கேதான். அதில் கேரிக்குத் தன் சக்தி மேல் நல்ல பிடி இருக்கிறது. கையை வீசி, ஆள் பார்த்துப் பழிவாங்குகிறாள். 1976 படத்தில் கேரியாக வந்த சிஸ்ஸி ஸ்பேசெக் கண்ணை அகல விரித்து அசையாமல் நின்றதில் இருந்த பயம் அங்கே இல்லை. ஆனால் ஜூலியன் மூரின் அம்மா பாத்திரத்துக்காக அந்தப் படத்தை நான் எங்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிறந்த குழந்தை மேல் கத்தரிக்கோலை ஓங்கிவிட்டு நிறுத்துகிறாரே, அந்த முதல் காட்சி ஒன்றே போதும்.

ஒப்பிட ஒரு நல்ல இடம் சொல்கிறேன்: உடற்பயிற்சி ஆசிரியை. நாவலில் பிழைக்கிறார், 1976இல் சாகிறார், 2013இல் கேரியே அவரைக் காப்பாற்றுகிறாள். தன்னிடம் அன்பாக இருந்தவரை அந்தக் கோபத்திலும் அவளால் அடையாளம் காண முடிகிறதா? மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. உங்கள் கட்டுரையை அதிலிருந்தே தொடங்கலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்றிரவே மறுபடி எடுக்கிறேன். 1999இல் வந்த இரண்டாம் பாகத்தையும் சேர்க்கவா?

பதில் 2:
ஒரு பத்தி போதும். ஏமி இர்விங் மறுபடி ஸூவாக வருகிறார், அதற்காகப் பார்க்கலாம். 2002 தொலைக்காட்சிப் படத்தில் கேரி சாகவில்லை. தொடராக வளர்க்கும் எண்ணத்தில் எடுத்தது.

நாவலின் கடைசிப் பக்கங்களை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள். கல்லறையிலிருந்து கை நீளும் காட்சி 1976 படத்துக்காகச் சேர்த்தது, நாவலில் கிடையாது. நாவலில் ஸூ இருட்டில் தேடிப் போய், குற்றுயிராகக் கிடக்கும் கேரியைக் கண்டுபிடிக்கிறாள். அவள் மனதுக்குள் கேரி நுழைந்து பார்க்கிறாள், இவள் எனக்குக் கெடுதல் நினைத்தாளா என்று. நினைக்கவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் உயிர் போகிறது.