மகளுக்குத் ‘தையல்’ என்று பெயர் வைக்கலாமா?

அக்காமார்களே, தோழிகளே, ஒரு யோசனை சொல்லுங்கள். மகள் பிறந்து 20 நாள் ஆகிறது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பரணிலிருந்து இறக்கிய பித்தளைக் குடத்தை அம்மா புளி போட்டுத் தேய்த்தபோது, கழுத்தோரம் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் தெரிந்தது: தையல். என் கொள்ளுப்பாட்டி. முழுப்பெயர் தையல்நாயகி, வைத்தீஸ்வரன் கோயில் அம்பாளின் பெயர். பெயர் வெட்டும் கூலியை மிச்சம் பிடிக்க நாயகியை விட்டுவிட்டார்களாம். எனக்கு அந்த மூன்று எழுத்தே போதும் என்று தோன்றுகிறது.

பழந்தமிழில் தையல் என்றால் பெண், அழகு. இன்று காதில் விழுவதோ ஊசியும் நூலும்தான். “பள்ளிக்கூடத்தில் தையல் மிஷின் என்று கூப்பிட மாட்டார்களா?” என்கிறார் மாமியார். நியாயம்தான். (அவர் சொல்லும் பெயர்கள் எல்லாம் ‘ஷ்’ஷில்தான் தொடங்குகின்றன, அதை விடுங்கள்.) கணவர் நாகப்பட்டினத்துக்காரர். அந்த ஊர் அம்பாள் நீலாயதாட்சியின் பெயரைச் சுருக்கி நீலா என்கிறார். அழகுதான், ஆனால் குடத்தில் இருப்பது நீலா இல்லையே.

பதிவேட்டில் தையல்நாயகி என்று முழுதாக எழுதிவிட்டு வீட்டில் சுருக்கிக் கூப்பிடுவதா, தையல் மட்டுமே போதுமா? இந்தப் பெயரோடு வளர்ந்தவர்கள் இருந்தால், கேலியை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். வெளிமாநிலத்தாரின் வாயில் நுழைந்ததா? பிறப்புப் பதிவில் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதற்கு அவசரமில்லை. வெள்ளிக்கிழமை தொட்டில் போடுகிறார்கள். காதில் சொல்ல ஒரு பெயர் வேண்டும்.