ஷிப்ட் மாறினதும் அலாரம் லிஸ்ட்டை ஸ்கிரிப்ட் சுருக்கலாமா?

குடமுருட்டி:
மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில், மெஷின்களைத் திரையில பார்த்து ஓட்டுற சீமென்ஸ் சாஃப்ட்வேர் வின்சிசி ஓடுது. அலாரம் பக்கத்தைத் திறந்தாலே போன வாரத்து வரியெல்லாம் கொட்டுது. சம்பா நெல் வந்து குவியுற தை மாசத்துல ஆப்பரேட்டருக்குத் தேட ஏது நேரம்? அதனால பக்கம் திறக்கும்போதே விபிஸ்கிரிப்ட்ல எழுதின சின்ன புரோகிராம் ஷிப்ட் ஆரம்பத்தைக் கணக்குப் போட்டு, அலாரம் கன்ட்ரோல் (திரையில அலாரம் லிஸ்ட்டைக் காட்டுற கட்டம்) ஃபில்டர்ல அந்த நேரத்தை எழுதிடும். காலை 6, மதியம் 2, ராத்திரி 10. அதுக்கு முந்தினது தெரியாது. எல்லா மில்லுலயும் இப்படியே வைக்கணும்.

வெண்ணாற்றங்கரை:
தம்பி, இதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன். ராத்திரி 9.40க்கு டிரையர் புளோயர் பேரிங் சூடுன்னு அலாரம் வருது, சரியாகாம நிக்குது. 10 மணிக்கு மாத்து ஆள் வந்து பக்கத்தைத் திறக்கிறார். லிஸ்ட் காலி! அவர் நிம்மதியா டீ குடிக்கப் போவார். புளோயர் நின்னா அவிச்ச நெல் ஈரத்தோட கிடந்து வாடை அடிக்கும். 14 சதவீதத்துக்குக் காய வேண்டிய நெல் அது.

குடமுருட்டி:
அதுக்குத்தான் ஷிப்ட் நோட்டு இருக்கே அண்ணே. கரண்ட் போய் வந்தா இங்க திரையே நிறைஞ்சிடுது. 10 நிமிஷத்துல 10 அலாரத்துக்கு மேல வந்தா ஒரு ஆளால சமாளிக்க முடியாதுன்னு அலாரத்துக்கான தரநிலை ஐஎஸ்ஏ 18.2-வே சொல்லுதே.

வெண்ணாற்றங்கரை:
கரண்ட் வந்ததும் கொட்டுற அலாரம் எல்லாம் இந்த ஷிப்ட்டுக்குள்ளதானே வருது? உங்க ஃபில்டர் அதுல ஒண்ணைக்கூடக் குறைக்காது. டெட்பேண்ட் (அளவு எல்லையில லேசா ஆடினா திரும்பத் திரும்ப அலாரம் வராம விடுற இடைவெளி), டிலே (கொஞ்ச நேரம் நீடிச்சாத்தான் அலாரம்), முன்னுரிமை இதையெல்லாம் சரி பண்ணணும். நோட்டுல எழுத மறந்தா நெல் மன்னிக்குமா?

கோரையாறு:
ரெண்டு பேரும் ஸ்கிரிப்ட்டையே பார்க்கல. ராத்திரி 1 மணிக்குப் பக்கத்தைத் திறந்தா, இன்னைக்குத் தேதியோட 22:00 சேர்த்தா அது வரப்போற நேரம். ஒரு வரியும் வராது. 6 மணிக்கு முன்னாடின்னா ஒரு நாள் கழிக்கணும். தேதியை வருஷம்-மாசம்-நாள்னு நீங்களே கோத்துக் கொடுங்க. விண்டோஸ் அமைப்பை நம்பினா ஜூன் 5 ஒரு மெஷின்ல மே 6 ஆகிடும். ரிப்போர்ட்டுக்காக பழைய அலாரத்தைச் சேமிச்சு வைக்கிற ஆர்கைவ் டேட்டாபேஸை நேரா படிக்கிறவங்க இன்னும் கவனமா இருங்க, அங்க நேரம் யுடிசி, அதாவது நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி இருக்கிற உலகப் பொது நேரம். காலை 6ஐ அப்படியே கொடுத்தா நம்ம நேரம் 11.30ல இருந்துதான் வரும். 5.30 கழிச்சு 00:30 கொடுக்கணும்.

குடமுருட்டி:
நள்ளிரவுக் கணக்கு என்கிட்ட சரியாத்தான் இருக்கு. சரி அண்ணே, இன்னும் சரியாகாம நிக்கிற அலாரத்துக்குத் திரையோட மேல் பாதியில தனி கன்ட்ரோல், நேர ஃபில்டரே இல்லாம. கீழ் பாதியில ஆர்கைவ் லிஸ்ட்டுக்கு மட்டும் ஷிப்ட் ஃபில்டர். இதை விட மாட்டேன்.

வெண்ணாற்றங்கரை:
அப்படின்னா வைங்க. ஆனா எந்த நேரத்துல இருந்து காட்டுதுன்னு லிஸ்ட் தலைப்புலயே பெரிசா எழுதணும், பக்கத்துல "எல்லாம் காட்டு" பட்டனும் வேணும். அது இல்லாம கமிஷனிங் பேப்பர்ல (சிஸ்டத்தை ஓட்டிப் பார்த்து ஒப்படைக்கிற பேப்பர்) நான் கையெழுத்துப் போட மாட்டேன்.